மலையேறும் வயலின்

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ‘கொடைக்கானல் ரோடு’ என்றொரு ரயில் நிலையம் உண்டு. பெயரை நம்பி அங்கே இறங்கிக் குளிரைத் தேடாதீர்கள். கொடைக்கானல் அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டைக் கடந்த பிறகுதான் மலைப்பாதை தொடங்கும். பேருந்து வளைந்து வளைந்து ஏற ஏற, புளியமரங்களும் வெயிலும் கீழே தங்கிவிடும். வாழையும் காப்பிச் செடியும் எதிர்ப்படும். பெருமாள்மலையைத் தாண்டி வெள்ளி அருவியின் சாரல் முகத்தில் படும்போது, காலையில் விசிறிக்கொண்டிருந்த கை போர்வையைத் தேடும்.

ஏரியைப் பற்றியும், பிரையண்ட் பூங்காவைப் பற்றியும் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். இம்முறை உங்கள் கையில் ஒரு வயலின் பெட்டியைக் கொடுத்து இம்மலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் ஒரு கலைஞனின் வாழ்வு எத்தகையது என்பதை, இந்த 80 கிலோமீட்டர் ஏற்றத்தைப் போல் விளக்கும் பாடம் வேறில்லை.

வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. குளிர்ந்த மலைகளில் மெதுவாக வளர்வதால் அதன் வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. ஒலிக்கு அந்த நெருக்கமே உகந்தது. (கொடைக்கானலின் பைன் தோப்பைக் கண்டு, வயலின் மரம் இதுதானோ என்று எண்ணிவிட வேண்டாம். அது மனிதர் நட்டு வளர்த்தது. இம்மலைக்குச் சொந்தமானது சோலைக்காடுதான்.) பலகைகளை இணைப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. மரமும் பசையும் காற்றின் ஈரத்திற்கு உடனே இணங்குபவை. சமவெளியின் வறண்ட வெப்பத்தில் மரம் சுருங்கித் தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கும். மூடுபனியில் மரம் ஊதிப் பிருடை இறுகித் திருப்பவே வராது. மிருதங்கத்தின் தோலோ ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். நாகசுரக் கலைஞரின் சீவாளி நாணற்புல் வகையைச் சேர்ந்த தட்டையால் ஆனது. அதன் குணமும் ஈரத்திற்கேற்ப மாறும். ஆகவே கீழே செம்மையாகச் சேர்த்த சுருதி மேலே செல்லாது. பெட்டியைத் திறந்தவுடன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரங்கில் இருப்போர் காண்பது இரண்டு மணி நேரக் கச்சேரியை மட்டுமே. அதற்கு முன் ஒரு மூலையில் அமர்ந்து, புதிய காற்றோடு தன் கருவியைச் சமாதானம் செய்துவைக்கும் அரை மணி நேரத்தை யாரும் காண்பதில்லை.

நம் கடலோர ஊர்களில், பிழைப்புக்காகக் கடல் கடந்தவரைச் ‘சபராளி’ என்று அழைப்பது வழக்கம். சிங்கப்பூர், கொழும்பு, பின்னர் வளைகுடா நாடுகள் என்று அவர் சென்றுவந்த வரலாறு நம் குடும்பங்கள் அறிந்ததே. விடுப்பில் வரும்போது குழந்தை ஒரு சாண் வளர்ந்திருக்கும்; ‘யார் இவர்?’ என்று தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். இசைக்கலைஞரும் சபராளிதாம். ஷேக் சின்ன மௌலானா சாஹிபை எண்ணிப் பாருங்கள். 1924-ல் ஆந்திரத்தின் கரவடி கிராமத்தில் பிறந்தவர். தஞ்சை நாகசுர பாணியில் மனம் தோய்ந்து, சொந்த மண்ணை விட்டு ஸ்ரீரங்கத்திற்கே குடிபெயர்ந்தார். அங்கிருந்து உலக நாடுகள் பலவற்றிற்கும் சென்று வாசித்தார். 1998-ல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் ‘சங்கீத கலாநிதி’ விருது அளித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1999 மார்ச்சில், உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஜெர்மனியில் இசைப் பயணத்தில் இருந்தபோதே பெர்லினில் காலமானார். சிறுவனாக மேடையேறியவர் 82-ஆம் வயது வரை பயணத்திலேயே இருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர்வீரர்களுக்காக நூற்றுக்கணக்கான முறை வாசித்தார். 1945-ல் பெல்சன் வதைமுகாமில் உயிர் தப்பியவர்கள் முன்னும் வாசித்தார். கைத்தட்டவும் வலுவற்ற மனிதர்கள் முன் எந்தச் சுருதியில் தொடங்குவது? 1952-ல் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்து, பஞ்ச நிவாரண நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். 1976-ல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட தலைப்புக்கு ‘முடிவுறாத பயணம்’ என்பது பொருள்.

1965-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ இசை விழாவில் நம் லால்குடி ஜெயராமனின் வாசிப்பைக் கேட்ட மெனுஹின், வியந்து தம் இத்தாலிய வயலினை அவருக்கே பரிசளித்தார். ஒரு பயணி மற்றொரு பயணிக்குத் தன் வழித்துணையையே கொடுத்துவிட்டான் என்றல்லவா சொல்ல வேண்டும்!

இருவரும் வாசித்த கருவி ஒன்றே. வாசித்த விதம்தான் வேறு. மேனாட்டார் நின்றுகொண்டு தாடையில் அணைத்து வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலக்காலில் ஊன்றிக்கொள்வர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) மேனாட்டு ஆசிரியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். மரத்தை மாற்றவில்லை, தந்திகளின் சுருதியைப் பாடகரின் குரலுக்கு இணங்க மாற்றிக்கொண்டதும் அது இங்கே குடியேறிவிட்டது. கொடைக்கானலும் அப்படிக் குடியேறியவர்களின் ஊர்தான். 1845-ல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார் இங்கே வீடு கட்டினர். 1863-ல் கலெக்டர் வியர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார்.

ஊருக்கு வெளியே குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே நின்றால், பனி விலகிய நேரத்தில் வெகு கீழே பழனி நகரம் தெரியும். பெருமாள்மலைக்குத் திரும்பி வந்து பிரியும் சாலை சுமார் 60 கிலோமீட்டரில் உங்களை அங்கே இறக்கிவிடும்.

பழனியின் மைந்தர் மிருதங்க மேதை சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கைப் பழக்கம் உடையவர். மிருதங்கத்தின் வலந்தலை சபையோரை நோக்கி இருக்க வேண்டும் என்பது மேடை மரபு. அதற்காகவே மிருதங்கம் பாடகரின் வலப்புறமும் வயலின் இடப்புறமும் அமரும். இவர் வாசித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். மாறினால் வயலினின் முகம் சபையிலிருந்து விலகிவிடும். வயலின் வித்துவான்கள் பலர் இணங்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டுதான். ஆயினும் இத்தகைய கைவன்மை ஓர் இருக்கைக்காகக் காத்துக் கிடந்தது கொடுமையே. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்துப் பக்கத்தில் அமர்த்தினார். வயலின் நகர்ந்து இடம் கொடுத்தது.

செம்பை, லால்குடி, பழனி எல்லாம் ஊர்ப்பெயர்களே என்பதைக் கவனித்தீர்களா? கீழக்கரையாரும் காயலாரும் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டதைப் போல, இவர்களும் வீட்டை விட்டுப் புறப்படும்போது ஊரைப் பெயரின் முன்னால் வைத்துக்கொண்டே புறப்பட்டார்கள். மிருதங்கம் கற்போர் ‘பழனி’ என்று சொன்னால், இன்றும் அவர்கள் குறிப்பிடுவது மலையை அன்று, அந்த இடக்கையை.