ராத்தாவின் பைல்

மௌத்தான வீட்டில் மூன்றாம் நாள் கழியுமுன்னே பங்குப் பேச்சு தொடங்கிவிடுவது நம்மிடையே புதிதல்ல. யாருக்கு வீடு, யாருக்குக் கடை என்று ஆண்கள் முன் விறாந்தையில் பேசுவார்கள். இத்தாவில் இருப்பவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் கேட்கப்படுவது கையொப்பம் மட்டுமே.

சென்ற ஆண்டு என் மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்க நாள் குறித்தோம். அதற்கு முந்திய பத்து நாட்களும் இரவில் நானும் ராத்தாவும் உட்கார்ந்து ஒரு பைல் தயாரித்தோம். வாரிசுரிமைச் சட்டத்தை வருடக்கணக்காக மத்ரஸாவில் படித்துக்கொடுப்பவன் நான். பாடத்தில் வரும் 'மனைவி'க்கு முகம் கிடையாது. இங்கே முகம் இருந்தது.

முதலில் எழுந்த கேள்வி, இத்தாவில் இருப்பவள் ஹட்டனுக்குப் போகலாமா என்பது. மச்சானின் உம்மாதான் கேட்டார். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் நம் ஷாபிஈ மத்ஹபில், தேவை இருந்தால் பகலில் போய்க் காரியத்தை முடித்து, இரவு வீட்டுக்கு வந்து தங்கத் தடையில்லை. தலாக்கின் இத்தாவில் இருந்த ஜாபிர் (ரலி) அவர்களுடைய தாயின் சகோதரிக்கு, பேரீச்சை பறிக்கப் போக நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. தன் உரிமையைத் தானே சொல்லப் போவதும் ஒரு தேவைதானே என்றேன். மாமி ஒப்புக்கொண்டார்.

பைலுக்குள் என்ன போனது என்று சகோதரிகள் கேட்பீர்கள். மரண அத்தாட்சிப் பத்திரம், காவின் பதிவு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதிகள், கொட்டகலை வீட்டின் உறுதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி, வங்கிப் புத்தகம். இவற்றைத் தேடி எடுப்பது பெரிய வேலையல்ல. பெயர்தான் தொல்லை. உறுதியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பிள்ளையின் பிறப்புப் பதிவில் மூன்றாவது. முகம்மது, மொஹமட், மொஹிதீன் என்று எழுதியவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி வேண்டிவரும். ஆகவே வேறுபாடுகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி மேலே வைத்தோம். உயிரோடிருக்கும் ஆண்கள் இதை இப்போதே சரிபார்த்துவைத்தால் தங்கள் பெண்களுக்குப் பெரிய உபகாரம்.

மச்சானின் சில்லறைக் கடை தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டிடத்தையும் சொத்துப் பட்டியலில் சேர்க்கச் சொன்னான் மூத்த மகன். சேர்க்க முடியாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 முதல் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. அவருடைய கட்டிடம் தோட்டத்துக்குரியது, மாத வாடகைக்கு இருந்தவர் அவர். அவருடையவை ராக்கையில் இருந்த சாமான்களும் கடன் கொப்பிகளும்தான்.

அந்தக் கொப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சம்பள நாள் வரைக்கும் கடனுக்கு வாங்கிய அரிசி, மா, தேங்காயெண்ணெய்க் கணக்கு அவற்றில் இருந்தது. "பாவம், எல்லாவற்றையும் மாப்புப் பண்ணிவிடுவோமே" என்றார் ராத்தா. நல்ல மனம். ஆனால் வர வேண்டிய கடனும் முதுசம்தான். கடைசி மகளுக்கு வயது பதினொன்று. பருவமடையாத பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க உம்மாவுக்கும் உரிமையில்லை, மாமனான எனக்கும் இல்லை. வயது வந்தவர்கள் தங்கள் தங்கள் பங்கை மன்னிக்கலாம். கத்தச் சாப்பாட்டை மையித்தின் பணத்தில் ஆக்கிப் போடுகிற வீடுகளில் இதைச் சொன்னால் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும், அதில் எத்தீமின் பங்கும் வேகிறது.

அலுமாரியில் மச்சானின் கையெழுத்தில் ஒரு தாள் கிடைத்தது. கடை மூத்தவனுக்கு என்று எழுதியிருந்தது. சாட்சி எவருமில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி மரண சாசனத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், அல்லது ஐந்து சாட்சிகள் வேண்டும். ஷரீஅத்திலோ, மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி ஒரு வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது. மூத்தவனின் முகம் வாடிப்போனது. அதே தாளின் பின்பக்கத்தில் மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை குறித்திருந்தது. அதைக் கவனமாகப் பைலில் வைத்தோம். அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றிலொன்றுக்குள் வஸிய்யத், அதற்குப் பிறகே பங்கு.

பங்கை நானே எழுதினேன். 1806ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டக்கோவையின் இடத்தில் வந்த 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், மரண சாசனமின்றி மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின்படி பிரியும் என்கிறது. ராத்தாவுக்கு எட்டிலொன்று, மச்சானின் உம்மாவுக்கு ஆறிலொன்று, மீதி இரண்டு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும். நூற்றிருபது பங்காக வைத்தால் ராத்தாவுக்கு 15, மாமிக்கு 20, மகன்களுக்கு 34 வீதம், மகளுக்கு 17. பிள்ளைகள் இருக்கும்போது வயதான உம்மாவின் பங்கு பலர் நினைவுக்கே வருவதில்லை. "எனக்குமா?" என்று மாமியே ஆச்சரியப்பட்டார்.

ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) உஹதில் ஷஹீதானபோது சொத்து முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் முறையிட வந்தார். அதன்பின் இறங்கியதுதான் வாரிசுரிமை வசனம் என்று திர்மிதி, அபூதாவூத் கிரந்தங்களில் வருகிறது. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டும், அவர்களுடைய உம்மாவுக்கு எட்டிலொன்றும் கொடுத்தபின் மிச்சமே சகோதரருக்கு என்று தீர்ப்பானது. அந்தப் பெண் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடவில்லை.

ராத்தா வெட்கப்பட்டார். விஷயம் காவின் பதிவில் இருந்தது. மஹர் 1,001 ரூபா, கைக்கூலி 25,000 ரூபா. கைக்கூலியைத்தான் மச்சான் கடைக்கு முதலாகப் போட்டார். மஹரும் கொடுபடவில்லை. ஜனாஸாவைத் தூக்கும் நேரத்தில் யாரோ ஒரு மூத்தம்மா "மஹரை மாப்புச் சொல்லு மகள்" என்றிருக்கிறார். அழுதுகொண்டு தலையாட்டியிருக்கிறார் ராத்தா.

"அது வாப்பாவுக்குக் கொடுத்த காசுதானே" என்றான் மூத்தவன்.

"இல்லை மகன்" என்றேன். "1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை எடுத்துப் பார். கைக்கூலி மணமகனின் கையில் கொடுக்கப்படுவது, ஆனால் மணமகளின் பயனுக்காக. உம்மா இந்த வீட்டில் வாரிசு மட்டுமல்ல, கடன் கொடுத்தவரும்கூட. பங்குக்கு முன்னே அந்தக் கடன்."

அவன் பதில் சொல்லவில்லை. நான் ராத்தாவிடம் திரும்பினேன். மையித்தின் தலைமாட்டில் தலையாட்டியதை மனப்பூர்வமான மாப்பாக நான் எடுக்கமாட்டேன், இப்போது யோசித்து விட்டுக்கொடுத்தால் அது உங்கள் ஸதகா, விடாவிட்டால் அது உங்கள் ஹக்கு, எதுவானாலும் நீங்களே சொல்லவேண்டும் என்றேன்.

ராத்தா நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு காவின் பதிவைப் பைலின் அடியிலிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"மஹரை மனதாரவே விட்டுவிட்டேன் தம்பி, அது எனக்கும் அவருக்கும் உள்ளது. கைக்கூலி எங்கள் வாப்பா லயத்து வீடு வீடாகத் துணி விற்றுச் சேர்த்தது. அதை நாளைக்கு நானே லோயரிடம் சொல்கிறேன். நீ பக்கத்தில் இரு, போதும்."