கூட்டமே சான்றான நாள்

2012 ஆகஸ்ட் 15. பெங்களூரு நகர ரயில் நிலையம் வடகிழக்கு மாநிலத்தவரால் நிரம்பி வழிந்தது. அசாமில் ஜூலையில் மூண்ட கலவரத்துக்கு இங்கே பழி தீர்ப்பார்கள் என்னும் வதந்தி குறுஞ்செய்திகளாகப் பரவியிருந்தது. குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் கிளம்பினர்.

மாணவர்கள், காவலாளிகள், உணவக ஊழியர்கள் எனச் சென்றவர்களை எளிதில் ஏமாறுவோர் என்று ஒதுக்கிவிட முடியாது. குறுஞ்செய்தியை மட்டும் கண்டவருக்கு ஐயம் இருந்திருக்கலாம். அறைத்தோழர் பெட்டி கட்டியபோது அது குறைந்திருக்கும். நடைமேடைக் கூட்டத்தைக் கண்டதும் மறைந்திருக்கும். பிறரது அச்சத்தை ஆதாரமாகக் கொண்டவர், தம் அச்சம் அடுத்தவருக்கு ஆதாரமாவதை உணர்வது அரிது. உதவிக்கென விடப்பட்ட சிறப்பு ரயிலும் ஆபத்தை உறுதிசெய்யும் அறிவிப்பாகவே சிலருக்குத் தோன்றியிருக்கும்.

ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு 15 நாள் தடை விதித்தது. செய்தியைத் தடுக்கலாம், கண்ணால் கண்ட கூட்டத்தைத் தடுக்க இயலாது. ஊரைவிட்டுப் போகாதவர்களும் பலர் இருந்தனர். ஆனால் வெளியேறியவர் நிலையத்தில் தெரிந்தார். தங்கியவர் அறைக்குள் மறைந்திருந்தார். அவ்வேளையில் பக்கத்து வீட்டார் ஒருவர் கதவைத் தட்டி, "நாங்கள் இருக்கிறோம், போக வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், அதுவும் ஒரு சான்றாகியிருக்கும்.