மார்ச் மாலைகளில் கலையும் கோடுகள்

நாராயண்காவ் பக்கத்தை விட்டு வந்த பிறகும் வானத்துக்குக் குறைவில்லை. நான் ஏங்குவது கோளாறுகளுக்காக.

புனேவுக்கு வடக்கே, அந்தப் பக்கத்துக் கோடத் கிராமத்தை ஒட்டி நான் இருந்த ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகள். பதினான்கு தட்டுகள் சுமார் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நெருங்கி நிற்கும். மற்றவை திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி மூன்று கைகளாக விலகிப் போகும். நடுவில் இருப்பவற்றுக்கு சி00 முதல் சி14 வரை பெயர். புதிதாக வந்தவர் சி07-ஐத் தேடுவார். அப்படி ஒரு தட்டே கிடையாது.

இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 இணைகள். அத்தனையிலும் அலைகள் ஒரே தாளத்தில் வந்து சேர வேண்டும். அதைச் சரிபார்க்க, நன்கு அறிந்த ஒரு மூலத்தின் பக்கம் எல்லாத் தட்டுகளையும் திருப்புவோம். பெரும்பாலும் 3சி 48, 3சி 147 அல்லது 3சி 286. இந்தக் கடைசிக் குவேசாரின் அலை கிளம்பி எழுநூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கு அது வெறும் காலிப்ரேட்டர், ஓர் அளவுகோல். அந்தத் திமிர் எனக்கு இன்னும் பிடிக்கும்.

அந்தத் தாளத்தைக் காட்டும் ஃபேஸ் கோடு நேராக ஓடும்வரை திரையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அது உதறத் தொடங்கினால்தான் அறைக்கே உயிர் வரும். குறிப்பிட்ட ஒரு தட்டு சேர்ந்த இணைகள் மட்டும் கெட்டிருந்தால் குற்றவாளி அந்தத் தட்டு. குடும்பச் சண்டையில் யார் பெயர் எல்லார் வாயிலும் வருகிறது என்று கவனிப்பதுபோலத்தான். ஓர் இணை மட்டும் கெட்டால், அலைகளை இணை இணையாகச் சேர்க்கும் கோரிலேட்டரைச் சந்தேகிக்கலாம். எல்லாமே கலைந்தால் மேலே பார்க்க வேண்டியதுதான்.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் தொலைநோக்கி இருக்கும் பகுதியில் பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலம் கொந்தளிக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டி இன்னும் மோசம். அதிர்வெண் குறையக் குறையத் தொல்லை கூடும். நடுச் சதுரத்துத் தட்டுகள் ஏறக்குறைய ஒரே வானத்துண்டின் வழியே பார்ப்பதால் தாக்குப்பிடிக்கும். கைகளின் முனையில் இருக்கும் டபிள்யூ06, எஸ்06, இ06 முதலில் சிதறும். இன்று இரவு எது முதலில் போகும் என்று எங்களுக்குள் பந்தயம் கட்டுவோம்.

அப்போது கைகொடுப்பது ரோஜர் ஜென்னிசன் 1958-இல் சொன்ன வழி. மூன்று தட்டுகளைச் சுற்றிவந்து மூன்று இணைகளின் ஃபேஸையும் கூட்டினால், தட்டுக்குத் தட்டு ஏறிய பிழைகள் தாமாக அடிபட்டுப் போகும். மூலம் தந்த தகவல் மட்டும் தங்கும். தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் நிரல் ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கெட்டதை நீக்கிவிட்டு, காலையில் படத்தை நீட்டுகிறது. நான் செய்ததைவிடச் சுத்தமான படம், மறுக்க மாட்டேன். ஆனால் எந்தத் தட்டு அன்று அடம்பிடித்தது என்று அதற்குத்தான் தெரியும்.

என்றாவது மறுபடி ஜிஎம்ஆர்டியில் நேரம் கேட்டு எழுதினால், மார்ச் மாதத்தில், பொழுது சாய்கிற வேளையில், இருப்பதிலேயே குறைந்த அதிர்வெண்ணைத்தான் கேட்பேன். போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள்.