தாத்தாவின் மூன்று காலம்

எங்கள் தாத்தா வருஷத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாளையப்பட்டுக் காலம், ஜமீன் காலம், காங்கிரஸ் காலம் என்று மூன்றே காலம்தான் அவருக்கு. முதல் காலம் அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே முடிந்துபோனது. ஆனாலும் சேவுகம்பட்டித் திண்ணையில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே போன வாரம் நடந்ததுபோலப் பேசுவார். தை மாதம் எங்கள் ஊர் அழகர் கோயிலில் வாழைப்பழம் சூறை விடும் நெரிசலில் நின்றால்கூடக் கதையை விடமாட்டார். சென்னைக்கு வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சுக்குத்தான் காது ஏங்குகிறது.

அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்தை இங்கே ஒரு திரையிடலில் பார்த்தேன். விளைச்சலைக் கொள்ளையர் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க, ஊரார் சோறு போட்டு வாள்வீரர்களை அமர்த்துகிறார்கள். தாத்தா பக்கத்தில் இருந்திருந்தால், “நம்ம காவக்காரக பொழப்புத்தாண்டா இது” என்றிருப்பார். எங்கள் பக்கமும் கதிரடித்த கையோடு களத்திலேயே காவலுக்கு நெல் அளந்துவிடுவார்கள். களவு போனால் காவல்காரர் துப்புத் துலக்கித் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று முதல் மரக்காலை எண்ணுவதையும், மேலே குவிந்த நெல்லைக் கையால் தலைதட்டி விடுவதையும் தாத்தா நடித்தே காட்டுவார். களத்துமேட்டில் யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கும் இருந்ததை மட்டும் சொல்லமாட்டார். அது பாட்டி சொல்லித்தான் தெரியும். ஆகவே அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசையில்லை.

அந்தப் படம் காட்டும் ஜப்பானிலும் வாள்வீரர் காலம் ஒருநாள் முடிந்தது. டோக்குகாவா ஷோகுன்களின் ஆட்சி 1868-ல் முடிந்தது. மூன்றே வருஷத்தில் பிரபுக்களின் சீமைகளைக் கலைத்தார்கள். 1873-ல் குடியானவன் மகனையும் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். 1876-ல் சாமுராய் இடுப்பில் வாள் கட்டக் கூடாது என்று ஆணை. அடுத்த வருஷமே சாமுராய் தலைவர் சைகோ தகமோரி கலகம் செய்து மாண்டார். எல்லாம் அவர்களுக்குள்ளேயே நடந்தது.

நம் ஆயுதத்தைப் பிடுங்கியது அசலூர்க்காரன். எங்கள் திண்டுக்கல் சீமை 1792-ல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. எதிர்த்து நின்ற விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரை 1801-ல் தூக்கில் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார். கோட்டைகள் இடிபட்டன. விட்டுவைக்கப்பட்ட பாளையக்காரர்கள் கிஸ்தி கட்டும் ஜமீன்தார்களானார்கள். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதுவும் போயிற்று.

ரயில் வந்ததில் மட்டும் பெரிய வித்தியாசமில்லை. ஜப்பானுக்கு 1872, எங்களுக்கு 1875. எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்கு முதலில் அம்மையநாயக்கனூர் என்று பாளையத்தின் பெயரே இருந்தது. மலையேறும் துரைமாரின் தோதுக்கு அது ‘கொடைக்கானல் ரோடு’ ஆனது. தாத்தா கடைசிவரை டிக்கெட் கவுண்டரில் “அம்மையநாயக்கனூருக்கு ஒண்ணு” என்றுதான் கேட்டார். பின்னால் நிற்கிறவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும் சரி.

வீட்டில் துருவேறிய ஈட்டிமுனை ஒன்று இருந்தது. ஆயுத பூஜையன்று மண்வெட்டி, கதிரரிவாளோடு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. யாருடையது, எந்தச் சண்டையைப் பார்த்தது என்று கேட்டால் ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு பதில் வரும். வீட்டை இடித்துக் கட்டியபோது அது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. ஜப்பானின் செகி நகரத்தில் வாள் அடித்த கொல்லர்கள், தடைக்குப் பிறகு சமையல் கத்தி அடித்துப் பிழைத்தார்கள். எங்கள் ஈட்டியை உருக்கி என்ன செய்தார்களோ. திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டாகியிருந்தால் தாத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார், அதுவும் காவல் உத்தியோகம்தானே.