ஆட்டம் காணப் போதல்

ஆடுவோர்க்கே பயிற்சி வேண்டும், காண்போர்க்கு அது வேண்டியதில்லை என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கோயில் வீதியிற் கூத்துப் பார்க்கப் புறப்படும் குடும்பம், விடியுமட்டும் இருப்பதற்குப் பாயும், பிள்ளைகளுக்குப் போர்வையும், இடைப்பசிக்குப் பலகாரமும் எடுத்துக்கொள்ளும்; நல்ல இடம் பிடிக்கவென ஒருவரை முன்னதாகவே அனுப்பியும் வைக்கும். காண்பதற்கும் ஆயத்தம் உண்டு. உதைபந்தாட்டம் காணச் செல்லும் எம் மாணவர்க்கு அவ்வாயத்தத்தைச் சில ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். தமிழாசிரியனுக்கும் பந்துக்கும் என்ன உறவு என நண்பர் சிலர் நகைப்பதுண்டு. பந்து என்பது சங்கச் செய்யுளிலேயே பயிலும் சொல். அது தமிழுக்கு அயலன்று என்று விடை கூறி அமைவேன்.

யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கையே எடுத்துக்கொள்வோம். முற்றவெளியை அடுத்து, கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில் உள்ள அவ்வரங்கு, போர்க்காலத்திற் சிதைந்து கிடந்து, இந்திய அரசின் உதவியுடன் புதுக்கப்பட்டு, 2016 யூன் 18ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. குருநகர்ப் பாடும்மீன், நாவாந்துறைச் சென் மேரிஸ், ஊரெழு றோயல் எனத் தத்தம் ஊரின் பெயரோடு ஒன்றிப்போன கழகங்கள் நமது மண்ணில் உள்ளன. அத்தகைய கழகங்கள் மோதும் நாளிலோ, நமது கல்லூரி அணி ஆடும் நாளிலோ அங்குச் செல்வதற்குரிய திட்டத்தை மாணவரே வகுத்தல் வேண்டும் என்பது எனது விதி.

அவர்கள் முதலிற் செய்வது காலக் கணக்கு. ஆட்டம் 45 நிமிடங்களாக இரு பாதி. இடைவேளை 15 நிமிடம். நான்கு மணிக்குத் தொடங்கினால் ஐந்தே முக்காலுக்கு முடியும். வெல்லாதோர் வெளியேறும் போட்டியாயின், சமநிலை ஏற்படுமிடத்து மேலதிகமாக 30 நிமிடமும், அதன்பின் தண்ட உதைகளும் வரக்கூடும். ஆடி மாதத்தில் ஆறரை மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைவான், மழையும் உடன் வரும். ஆகவே துவிச்சக்கரவண்டியின் விளக்கு எரிகின்றதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, குடை வேண்டுமா என்பன அடுத்த வினாக்கள். மாலை வெயில் முகத்தில் அடியாதிருக்க மேற்குப் பக்கத்தில் அமர்தல் நன்று. ஒரு மணித்தியாலம் முன்னதாகச் சென்றால் நூலகத்திற் புகுந்து ஒரு சஞ்சிகையேனும் படிக்கலாம். கச்சான் வாங்குதற்குச் சில்லறை தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இக்கணக்கு இன்றைய மாணவனுக்கு எளிய கூட்டல். எம் தலைமுறையினர்க்கோ அது கிட்டாத செல்வம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓர் இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நான் பாடசாலை மாணவன். 2006 ஓகத்தில் போர் மீண்டும் மூண்டு ஏ9 வீதி மூடப்பட்டபோது இளம் ஆசிரியன். அக்காலத்தில் மாலைப்பொழுது ஊரடங்குச் சட்டத்துக்கு உரியதாயிருந்தது. வருகின்ற சனிக்கிழமை நான்கு மணிக்கு இன்ன இடத்தில் இருப்பேன் என எவரும் உறுதி கூறுவதில்லை. நாளையைத் திட்டமிடும் பழக்கமே எம்மிடமிருந்து நழுவிப்போயிற்று. அப்பழக்கத்தை மீட்டெடுப்பதற்கு ஓர் ஆட்டம் காணப் போவதைவிட இனிய பயிற்சி யாதென நான் அறியேன்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்பு மாணவர் பன்னிருவர் திட்டத்தை எழுதிப் பெற்றோரிடம் காட்டி வந்தனர். மறுநாள் ஒருவரின் தந்தையார் என்னைத் தேடி வந்தார். "சேர், அந்தப் பின்னேரம் ரியூசனுக்குப் போனால் நாலு கணக்குக் கூடச் செய்வானே" என்றார். அவர் கவலை பொய்யன்று. கூலி வேலையில் மிச்சம் பிடித்து மகனைப் படிப்பிப்பவர். "ஐயா, இதுவும் ஒரு கணக்குத்தான், நீங்களும் ஒருமுறை வந்து பாருங்கள்" என்றேன். அவர் மறுமொழி கூறாது சென்றார்.

ஆட்டத்தன்று, இடைவேளைக்குச் சற்று முன்னர், வேலைத்தலத்து உடையோடு வந்து எங்கள் வரிசையின் முடிவில் அமர்ந்தார். இரண்டாம் பாதியில் நமது பின்வரிசையினன் ஒருவன் இடம் விட்டு விலகியபோது, "தம்பி, பந்தைப் பாராதை, ஆளைப் பார்!" என்று எழுந்து கூவினார். மகன் வியந்து நோக்கினான். தாமும் ஊர்க் கழகத்திற் பின்வரிசையில் ஆடியவரென்றும், இடப்பெயர்வோடு அக்கழகம் கலைந்ததென்றும், அதன்பின் எந்த மைதானத்துக்கும் வந்ததில்லை என்றும் அவர் அன்றுதான் சொன்னார். ஆட்டத்தில் நாம் தோற்றோம். தந்தையும் மகனும் ஒரே சைக்கிளிற் பேசிக்கொண்டு போயினர்.

அவர் கூவியதே பார்வையாளர்க்கான தலையாய பாடமுமாம். 90 நிமிடங்களை 22 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவர் பங்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். எஞ்சிய எண்பத்தைந்து நிமிடங்களுக்கு மேலாகப் பந்தில்லாது அவன் செய்வது யாது? தோழனுக்கு வழி திறக்கின்றானா, விழுந்த எதிரணியினனைத் தூக்கி விடுகின்றானா, தவறவிட்டபின் தலைகுனிந்து நிற்கின்றானா, திரும்பி ஓடுகின்றானா? அங்கேதான் ஆட்டக்காரனின் குணம் விளங்கும். பெறுபேற்றுத் தாளை மாத்திரம் பார்த்து மாணவனை மதிப்பிடுவோர்க்கும் இது பொருந்தும்.

காண்போர் குணமும் அங்கே விளங்கும். மத்தியஸ்தரை வாய்க்கு வந்தவாறு ஏசுதல் ஆண்மையென எண்ணுவோர் எம்மிடையே உளர். தன் தந்தையின் வாயிலிருந்து அச்சொற்களைக் கேட்கும் சிறுவன், அடுத்த நாள் வகுப்பறையில் எதை மதிப்பான்? எதிரணி போட்ட நல்ல கோலுக்கும் கைதட்டுதல் எங்கள் வரிசையின் விதி. முதலில் மாணவர்க்கு அது கசந்தது, இப்போது பழகிவிட்டனர்.

பழைய மாணவர்களே, நீங்கள் கடல் கடந்தும் பணம் அனுப்பிப் பந்தும் வலையும் பாதணியும் உதவுகின்றீர்கள்; கல்லூரி அதை மறவாது. ஆயினும் நமது அணி ஆடும் பல மாலைகளில் எல்லைக்கோட்டின் ஓரம் வெறுமையாகவே இருக்கின்றது. மாணவர் ரியூசனில், பெற்றோர் வேலையில், நீங்கள் தொலைவில். விடுமுறையில் ஊர் வரும்போது, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் நாள் குறிப்பதுபோல், ஓர் ஆட்டத்துக்கும் நாள் குறித்து வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மேற்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்க எம் மாணவர் கற்றிருக்கின்றனர்.