கோவை மாடியில் ஓர் எட்டடி டிஷ்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

ஃபைபருக்கு மாறிவிட்ட ஒரு கேபிள் ஆபரேட்டர் கழித்துப்போட்ட எட்டடி வலை டிஷ், பீளமேட்டில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கியவர் பம்ப் மோட்டார் கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேண்டியது ஒரே செயற்கைக்கோளை முறைத்துக்கொண்டு நிற்கும் டிஷ் அல்ல. ரிமோட்டை அழுத்தினால் வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்பும் மோட்டார் டிஷ்.

முதல் வேலை நூல் சோதனை. விளிம்பின் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்துக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டினார். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் டிஷ் கோணவில்லை என்று பொருள். தொட்டன. நடுப்பள்ளத்தின் ஆழம் 40 செ.மீ., விட்டம் 240. விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் 90 செ.மீ. டிஷ்ஷின் நடுவிலிருந்து அந்த உயரத்தில்தான், சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யின் வாய் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 7, புதன்

போலார் மவுண்டுக்கு லேத் பட்டறையில் வேலை. தத்துவம் எளிது: டிஷ் எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒரே மோட்டார் போதும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வரிசையாக நிற்கும் வளைவை டிஷ் தானாகவே தொடர்ந்து போகும்.

கோவை 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் அச்சு தரையிலிருந்து 11 பாகைதான் எழும்பும், கிட்டத்தட்டப் படுத்த நிலை. டிஷ்ஷின் பார்வையை அச்சுக்குச் செங்குத்தாக வைத்து, மேலும் 1.9 பாகை தெற்கே சாய்க்க வேண்டும். நேர் தெற்கே உள்ள செயற்கைக்கோளுக்கு ஏற்றக் கோணம் 77 பாகை வருகிறது. லண்டன் வீட்டு டிஷ் பக்கத்துத் தெருவைப் பார்க்கிறது என்றால் கோவை டிஷ் மழைத்தொட்டி மாதிரி வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கிறது. வலை டிஷ் என்பதால் தண்ணீர் தேங்கும் கவலை இல்லை.

ஐரோப்பியர் எழுதிய கையேடுகள் எல்லாம் டிஷ் நிற்கும் கம்பம் தூக்குக்குண்டுக்கு இம்மியும் பிசகக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே மிரட்டும். அங்கே அது நியாயம். கம்பம் கிழக்கு மேற்காக ஒரு பாகை சாய்ந்தால் லண்டனில் சுழலும் அச்சு முக்கால் பாகைக்கு மேல் விலகும். கோவையில் விலகுவது ஐந்தில் ஒரு பங்கு பாகை. தெற்கு வடக்காகச் சாய்ந்தால் ஏற்றக் கோண போல்ட்டிலேயே சரிக்கட்டிவிடலாம். ஆனால் தெற்குத் திசை ஒரு பாகை தவறினால் கோவையில் அச்சும் ஏறக்குறைய முழு ஒரு பாகை தவறும். இந்த ஊரில் டிஷ் வைப்பவர் ரசமட்டத்துக்குச் செலவிடும் நேரத்தைத் தெற்கைத் தேடச் செலவிடலாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கம்பத்துக்கு மூன்று அங்குல ஜி.ஐ. குழாய், அடித்தகட்டில் நான்கு ஆங்கர் போல்ட். அதை நிறுத்திய பிறகு கூட வந்த மருமகன் கேட்டான்: “ஏனுங்க மாமா, போன்லயே திசைகாட்டி இருக்குதுங்களே?”

“இத்தனை இரும்புக்கு நடுவுல அது காட்டறத நம்பச் சொல்றியா?” என்றார் அவர்.

இரும்பு ஒருபக்கம். காந்த வடக்கும் உண்மை வடக்கும் இங்கே ஒன்றல்ல என்பது இன்னொரு பக்கம். வித்தியாசம் இரண்டு பாகைக்குள்தான். ஆனால் தெற்கு இரண்டு பாகை பிசகினாலே, கிழக்கே 105.5 பாகைத் தீர்க்கத்தில் உள்ள ஏஷியாசாட் 7 செயற்கைக்கோளுக்குப் போகும்போது டிஷ் 1.1 பாகை விலகி நிற்கும். எட்டடி டிஷ்ஷின் பார்வை 4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2.2 பாகை அகலம், 1.1 விலகினால் சிக்னல் பாதியாகிவிடும்.

ஆகவே நிழல். இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக் கோட்டுக்கு உரியது; கோவை 76.96. அதற்கு 22 நிமிடம். பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்குவது 14 நிமிடம். இரண்டையும் கூட்டினால் கோவையின் உச்சிப்பொழுது 12.36. அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழல் விழுந்த கோடு சுத்தமான வடக்கு-தெற்கு. நிமிடத்துக்கு அரைப் பாகைக்கு மேல் நிழல் திரும்புவதால் வானொலி நேரத்தோடு கைக்கடிகாரத்தை முன்பே ஒத்துப் பார்த்துக்கொண்டார். சரிபார்க்க, கோயில் ஸ்தபதிகளின் பழைய முறை: தரையில் வட்டம் வரைந்து நடுவில் சங்கு நட்டு, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு-மேற்கு கிடைக்கும். இரண்டு கோடுகளும் செங்குத்தாக வெட்டின.

இதையே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் செய்ய முடியாது. அப்போது சூரியன் கோவையின் உச்சந்தலைக்கு வந்துவிடும், நிழலே இருக்காது. ஜூனிலோ உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆக்சுவேட்டர் ஏறியது. 36 வோல்ட் மோட்டார், உள்ளே திருகு, நீண்டு சுருங்கும் கை. உள்ளிருக்கும் ரீட் சுவிட்ச், காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு கொடுக்கும். பொசிஷனர் பெட்டி அதை எண்ணிக்கொள்ளும். ரிசீவர் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பிச் செங்குத்து, கிடை அலைகளைத் தேர்வு செய்கிறது; டிஷ்ஷைத் திருப்பச் சொல்லும் டைசெக் கட்டளையும் அதே கேபிளில் போகிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளின் இடத்தையும் ஒருமுறை பதித்துவிட்டால் போதும்.

கோவைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 2012-இல் சீனாவிலிருந்து ஏவப்பட்ட ஆப்ஸ்டார் 7, 76.5 பாகையில் நிற்கிறது. அதாவது ஊருக்கு அநேகமாக நேர் தெற்கே. டிஷ்ஷை நடுவில் நிறுத்தி, ஏற்றக் கோண நட்டை மட்டும் மெல்லத் திருப்ப, குவாலிட்டி பட்டை எழுந்தது.

புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிற்கும் இந்த வரிசையைக் ‘கிளார்க் வளையம்’ என்பார்கள். 1945-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் இந்த யோசனையை விரித்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் பிறகு கொழும்பிலேயே குடியேறினார். 1975-இல் இந்தியாவின் ‘சைட்’ செயற்கைக்கோள் கல்வி ஒளிபரப்பைப் பார்க்க இஸ்ரோ அவர் வீட்டில் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தது. தம்முடைய யோசனையைத் தம் வீட்டிலேயே பார்த்த மனிதர்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மேற்கே இன்டெல்சாட் 20, 68.5 பாகையில். ஆப்ஸ்டாரிலிருந்து 8 பாகை தள்ளி. ஆனால் டிஷ் சுழல வேண்டியது ஏறக்குறைய 9.4 பாகை. பாகைக் கணக்கு பூமியின் மையத்திலிருந்து எடுத்தது. நாம் நிற்பதோ மேற்பரப்பில், மையத்தைவிடச் செயற்கைக்கோள்களுக்கு அருகில். கிழக்கே 105.5-க்குப் போக 33 பாகைக்கு மேல் திரும்ப வேண்டியிருக்கிறது.

இரு கோடிகளிலும் டிஷ் விளிம்பைக் கையால் லேசாக அழுத்திப் பார்ப்பதுதான் டிராக்கிங்கின் சூட்சுமம். இரண்டு கோடியிலும் ஒரே பக்கம், தெற்கே அழுத்தினால் சிக்னல் கூடுகிறது என்றால் சாய்வுக் கோணங்களில் குறை. ஒரு கோடியில் தெற்கேயும் மறு கோடியில் வடக்கேயும் கேட்டால் மவுண்ட் கம்பத்தில் திரும்பியிருக்கிறது. இங்கே அழுத்தவே தேவைப்படவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

சில அலைவரிசைகளில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிஷ் மீது குற்றமில்லை. 2022-இல் ஏலம் விடப்பட்ட 5ஜி அலைவரிசை 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ், சி-பேண்ட் டி.வி. வருவது 3.7 முதல் 4.2 வரை. பக்கத்து டவரின் வலுவில் எல்.என்.பி. திணறிப்போகிறது. ஃபில்டர் உள்ள எல்.என்.பி. போட்டதும் தீர்ந்தது. இப்போது புதிதாக வாங்குபவர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடலாம்.

மார்ச் 15, வெள்ளி

இன்று சூரியனே வந்து தேர்வு வைத்தது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் கோவையிலிருந்து பார்க்கும்போது சூரியன் செயற்கைக்கோள் வரிசையின் மேலேயே நடந்துபோகும். காலை பத்தேகால் சுமாருக்கு 105.5, பதினொன்றேகாலுக்கு ஜிசாட் 15 நிற்கும் 93.5, பன்னிரண்டரைக்குச் சற்றுப் பின் 76.5, ஒன்று பத்துக்கு 68.5. எந்தச் செயற்கைக்கோளை டிஷ் பார்க்கிறதோ அதன் முறை வரும்போது சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துப் படம் சில நிமிடம் போய்விடும். அந்நேரம் எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்தால் குறி சரி. நான்கு இடத்திலும் நடுவிலேயே விழுந்தது. மரமோ தண்ணீர்த் தொட்டியோ வளைவை மறைக்கிறதா என்றும் இதே நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ச் சேனல்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. 93.5-இல் உள்ள ஜிசாட் 15-ஐ நோக்கி இரண்டடி டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் டி.டி. ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணமின்றி வரும். சி-பேண்டில் வரும் இந்தியச் சேனல்களில் பெரும்பகுதி பூட்டியே இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. இறங்கியவர்கள் ஆக்சுவேட்டர் கையின் ரப்பர் உறையை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கும் ஜூனுக்குள் கம்பத்தின் போல்ட்டுகளை இன்னொருமுறை முறுக்கிவையுங்கள்.