லயத்து ரொட்டி: பெரகல மலைச்சாரலில் ஒரு வீட்டு மகிழ்ச்சியின் தோற்றுவாய்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் வரலாற்றைப் படிக்கப் புகும் எவருக்கும் முதலில் எதிர்ப்படுவன கடனும் கடும் உழைப்பும் குடியுரிமை இழப்புமே ஆகும். இவை பற்றிய சட்டங்களும் அறிக்கைகளும் ஆய்வுகளும் பெருகிக் கிடக்கின்றன. ஆனால் அதே மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, அடுப்பைச் சுற்றி அமர்ந்து, பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்ட சிறு மகிழ்ச்சிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி மிக அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு சமூகம் அயல்நாட்டு மலையில் ஒற்றை அறைக்குள் குடும்பத்தை நிலைநிறுத்திய விதத்தை அறிவதற்கு இந்தக் கேள்வி இன்றியமையாதது. அதற்குரிய விடையை, அவ்வீடுகளில் நாள்தோறும் சுடப்படும் ரொட்டியின் தோற்றுவாயைத் தேடுவதன் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தேடலின் களம் பெரகல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் ஏ4 நெடுஞ்சாலையில் அமைந்த இச்சந்தியிலிருந்து ஏ16 சாலை பிரிந்து, அப்புத்தளையையும் பண்டாரவளையையும் கடந்து ஹாலிஎலவை அடைகிறது. நெடுஞ்சாலையோ கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் தாண்டி வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே குளிரும் பனிமூட்டமும் நிறைந்த தேயிலை மலை, கீழே குரக்கன், அதாவது கேழ்வரகு, விளையும் வறண்ட நிலம் என இருவேறு உலகங்கள் சந்திக்கும் இடமாகப் பெரகல இருப்பது, இங்குள்ள உணவின் வரலாற்றை அறிய முக்கியமான தடயமாகும்.

தோட்டத்து ரொட்டி என்பது கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர் ஆகிய நான்கைக் கொண்டு செய்யப்படுவது. பிசைந்த மாவை உருட்டி, கையாலேயே தட்டிப் பரப்பி, காய்ந்த கல்லில் இருபுறமும் சுட்டெடுத்து, பின்னர் தணலோரத்தில் சிறிது வாட்டுவார்கள். இதற்குத் துணையாக, காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் உப்போடு அம்மியில் அரைத்துச் செய்யும் கட்டச்சம்பலோ தேங்காய்ச் சம்பலோ வைத்துக்கொள்ளப்படும். அடுப்பில் எரிவது பெரும்பாலும் மிலாறு, அதாவது தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் காய்ந்த கிளைகள். மாலையில் மலையிலிருந்து இறங்கும் பெண்கள் இவற்றைக் கட்டித் தலையில் சுமந்து வருவர். வீட்டில் கைப்பிள்ளை இருந்தால், கடைசி மாவில் அதற்கென்று உள்ளங்கை அளவில் ஒரு ரொட்டி தனியாகத் தட்டப்படும்.

இவ்வுணவின் தோற்றம் குறித்து மூன்று விடைகள் சாத்தியமாகின்றன: தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவந்தது என்பது ஒன்று, அயலிலுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்து கற்றுக்கொண்டது என்பது மற்றொன்று, தோட்ட நிர்வாகமும் அரசும் கொடுத்த பங்கீட்டுப் பொருளிலிருந்து பிறந்தது என்பது மூன்றாவது. இவற்றுள் எதுவும் தனித்து முழு விடையாகவில்லை என்பதைச் சான்றுகளை ஒவ்வொன்றாக நோக்கும்போது அறியலாம்.

முதல் விடையை எடுத்துக்கொண்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் இலைத்துரு நோய் பரவத் தொடங்கிக் கோப்பி அழிந்த பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தோர், திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876–78 காலப் பெரும் பஞ்சம் அந்த வருகையை மேலும் பெருக்கியது. அம்மக்களின் சொந்த ஊர் உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆகும். களியும் கூழும் அடையும் அவற்றிலிருந்து வந்தன. நெல்லுச்சோறு பண்டிகை நாளுக்குரியதாக இருந்தது. கோதுமை அவர்களது வயலிலும் இல்லை, அடுப்பிலும் இல்லை. எனவே கோதுமை ரொட்டியை அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தனர் எனக் கொள்ள இடமில்லை. ஆயினும் மாவை உள்ளங்கையால் தட்டிக் காய்ந்த கல்லில் சுடும் கைப்பழக்கம், கேழ்வரகு அடை தட்டிய பெண்களிடம் முன்பே இருந்தது. மூட்டை முடிச்சில் இடம்பெறாத இந்தக் கைத்திறன், மன்னாரிலிருந்து வடபாதை வழியே காட்டைக் கடந்து நடந்து வந்தோருடன் சேர்ந்தே மலைக்கு ஏறியது.

இரண்டாம் விடைக்குப் பெரகலவின் அமைவிடம் துணை நிற்கிறது. மலையடிவாரத்துச் சிங்களக் கிராமங்களில், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை முறையில் விளைந்த குரக்கன் மாவாக்கப்பட்டுத் தேங்காயோடு பிசைந்து ரொட்டியாகச் சுடப்பட்டு வந்தது. மழையை நம்பிய தமிழகப் புன்செய்க் கிராமங்களிலிருந்து வந்த மக்களுக்குத் தேங்காய் அன்றாடம் தாராளமாகக் கிடைத்த பொருள் அன்று. இலங்கையிலோ ஏழை வீட்டுச் சமையலிலும் அது நீங்காத இடம் பெற்றிருந்தது. மாவோடு தேங்காயைச் சேர்த்தால் ரொட்டி மென்மையாகவும் பசி தாங்குவதாகவும் ஆகும் என்ற அறிவு, சந்தையிலும் கடைத்தெருவிலும் கொடுக்கல் வாங்கலிலும் அயலவரோடு பழகிப் பெற்றதாகவே இருத்தல் கூடும். நாட்டுச் சட்டங்கள் இவ்விரு சமூகங்களையும் பிரித்து வைத்த காலத்திலும் அடுப்படிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பதற்கு இந்த ரொட்டியே நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும் சான்று.

இனி எஞ்சுவது மா. கோதுமை இலங்கையில் விளைவதில்லை; முழுவதும் இறக்குமதியாகும் பொருள் அது. தோட்டத் தொழிலாளருக்கு ஆரம்ப காலம் முதலே வழங்கப்பட்டது அரிசியாகும். அதன் விலை அவர்களது சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்க 1927இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்திலும் பேசப்படுவது அரிசியே. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச் மாதத்தில் அந்நாட்டுத் தலைநகர் இரங்கூன் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்ததும் அந்த வழி அடைபட்டது. இலங்கை முழுவதும் அரிசி பங்கீட்டுக்கு உள்ளாகி, அதன் இடத்தை நிரப்பக் கோதுமை மா பங்கீட்டுப் பொருளாக மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1893இல் அப்புத்தளையையும் 1924இல் பதுளையையும் எட்டியிருந்த புகையிரதப் பாதை, தேயிலையைக் கொழும்புக்கு இறக்குவதற்காக இடப்பட்டதாயினும், தோட்ட மக்களுக்குரிய தானியத்தை மலைக்கு ஏற்றியதும் அதுவே.

ஆக, தட்டும் கை தமிழகத்துக் கிராமத்தினுடையது; தேங்காய் இலங்கை மண்ணினுடையது; மா, உலகப்போர் ஏற்படுத்திய தட்டுப்பாட்டினால் வந்தது. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் லயத்தின் அடுப்படி. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறைகளை வரிசையாக அடுக்கிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. ஒவ்வொரு அறையும் காம்பரா எனப்படும். அதன் முன்னுள்ள சிறு தாழ்வாரம் இஸ்தோப்பு. உறங்குவதும் சமைப்பதும் பிள்ளை பெறுவதும் நோயாளியைப் பார்ப்பதும் அந்தக் காம்பராவுக்குள்ளேயே நடந்தன. அரிசிக்கு மாற்றாக வந்த பொருளை எவ்வாறு உண்பது என்று எவரும் இப்பெண்களுக்குக் கற்பித்ததாகத் தெரியவில்லை. தாயிடம் கற்ற கைப்பழக்கத்தையும் அயலவரிடம் அறிந்த பக்குவத்தையும் புதிய மாவில் இணைத்து, பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் உணவாக அதை மாற்றியவர்கள் அவர்களே.

ரொட்டி நிலைபெற்றதற்குத் தோட்டத்து வேலைமுறையும் காரணமாயிற்று. விடியலில் பெரட்டுக் களத்தில், அதாவது அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும் இடத்தில், ஆள் கணக்கெடுக்கப்படும் முன்னரே பெண் காலை உணவைச் சமைத்து, பகல் உணவையும் கட்டி, சிறு பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா எனப்படும் பராமரிப்பு நிலையத்தில் விட்டாக வேண்டும். சோறு ஆறினால் சுவை கெடும், கறி வேண்டும், தட்டு வேண்டும். ரொட்டிக்கு இவை எதுவும் தேவையில்லை. துணியில் சுற்றிக் கூடையில் வைத்து மலைக்குக் கொண்டுபோகலாம். செடிகளுக்கு நடுவே நின்றும் உண்ணலாம். இவ்வாறு நேரமின்மை தந்த நெருக்கடியில் வழக்கமான உணவு, மாலையில் வேறொரு பொருள் பெற்றது. பெரகல, அப்புத்தளைப் பகுதிகளில் ஓயாது வீசும் குளிர்காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டுக் குடும்பமே அடுப்பைச் சூழ்ந்திருக்க, கல்லிலிருந்து எடுத்த ரொட்டி அடுத்தது வேகும் முன்னரே பிட்டுப் பகிரப்படும். சீனியை உள்ளங்கையில் வைத்து நாவால் தொட்டுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், பருகப்படும். பீலிக்கரையில், அதாவது மலையூற்று நீரைக் குழாயால் வடித்த பொது நீர்த்துறையில், அன்று கேட்ட செய்திகள் அடுப்போரத்தில் மீண்டும் பேசப்படும். அந்தத் தேநீரும் எண்ணத்தக்கது. 1890இல் பிரித்தானிய வணிகர் தோமஸ் லிப்டன் இப்பகுதியில் தோட்டங்களை வாங்கியது முதல் ஊவாவின் மணம் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் விளையும் மிகச் சிறந்த இலை ஏலத்துக்குச் செல்ல, அதைப் பறித்தவரின் வீட்டுக்கு வருவது தரம் குறைந்த தூளே. அந்தத் தூளிலும் ஒரு குடும்பம் மாலை நேரத்து நிறைவைக் கண்டது.

இம்மகிழ்ச்சியை மிகைப்படுத்துவது வரலாற்றுக்குச் செய்யும் தவறாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இந்திய, இலங்கை அரசுகளிடையேயான 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே காம்பராவில் ரொட்டி பகிர்ந்த உறவுகள் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தன. 1973–74ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு உச்சமடைந்தபோது மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அடுப்பெரியாத மாலைகள் எத்தகையவை என்பதை அத்தலைமுறை அறியும். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து பதுளை மண்ணின் வாழ்வை எழுத்தில் பதித்த தெளிவத்தை ஜோசப் போன்றோரின் கதைகள், வீட்டின் பாசமும் பசியும் ஒரே சுவருக்குள் குடியிருந்ததை உணர்த்துகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கு உயர்ந்து, நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்த குடும்பங்கள் ரொட்டியின் எண்ணிக்கையைக் குறைக்க நேர்ந்தது.

உடல்நலத்தின் கணக்கும் இங்கே சேர்க்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டளவில் ஏறத்தாழ 17 விழுக்காடாக இருக்க, தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 விழுக்காடாக இருந்தது. மாவும் சீனியும் பசியை அடக்கலாம். வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதத்தையும் இரும்பையும் அவை தருவதில்லை. ரொட்டியின் மீதுள்ள பற்றைக் காரணமாகக் காட்டி அந்தப் பற்றாக்குறையை மக்களின் விருப்பம் என்று கூறுவது நேர்மையாகாது. அவர்கள் விரும்பியது ஒருங்கே அமர்ந்து உண்ணும் அந்த வேளையை; மாவை மட்டுமே தெரிவு செய்யும் நிலையை அவர்கள் விரும்பவில்லை. லயத்தின் ஓரத்தில் கிடைத்த சிறு துண்டு நிலத்தில் அவரையும் பூசணியும் கீரையும் மரத்தக்காளியும் நட்டு, ஒரு பசுவையும் கட்டி வளர்க்கும் குடும்பங்களில் அதே ரொட்டி கீரைச் சுண்டலோடும் பாலோடும் உண்ணப்படுவது இதற்குச் சான்று.

தேடலின் முடிவில் பெறப்படுவது இதுதான்: அயல்நாட்டில் வாழ்ந்த ஒரு சமூகத்தின் வீட்டு மகிழ்ச்சி எவராலும் அளிக்கப்பட்டதன்று, கிடைத்தவற்றைக் கொண்டு பெண்களின் கைகளால் உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களுக்கு இன்றுவரை குறைவாயிருப்பது, அதற்குரிய உறுதியான இடம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், பெரகலவிலிருந்து இறங்கும் அதே சாலையோரக் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியபோது, சமைக்கவும் உறங்கவும் வேறிடம் இல்லாத குடும்பங்களே அதன் கீழ் அகப்பட்டன. 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்திலும் காணியுரிமையும் வீட்டுரிமையும் முன்னிறுத்தப்பட்டன. இந்த மக்களின் பண்பாட்டைப் போற்ற விரும்புவோர் ரொட்டியின் சுவையைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. தனி வீடும் உறுதிப்பத்திரமும் கீரை நடுவதற்குரிய நிலமும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும் வரை அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பதே அந்த அடுப்புக்குச் செய்யத்தக்க மரியாதையாகும்.